உன்னைப் படுக்கவைத்தவனைப் பழிவாங்குவது எப்படி

மகனே கதிர்,

நீலகிரி மலையில் இதுவரை ஓடிய பச்சைத் தேயிலை லாரிகள் அத்தனைக்கும் ஒரே சக்கரவர்த்தியாக இருந்தவனும், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே நூற்று எட்டு டீக்கடைகளில் நூற்று எட்டுக் குடைகளை மறந்து வைத்தவனும், உன் அம்மாவின் வாயால் "ஒரு வேலைக்கும் ஆகாத மனுசன்" என்ற பட்டத்தை முப்பத்தொரு வருடமாக வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னிடமிருந்து போனில் மூன்று வரி வந்தது. "கல்யாணத்த நிறுத்திருங்கப்பா. என்ன நம்பி ஒரு பொண்ண ஒப்படைக்க முடியாது. நீங்களே அவங்க ஊட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிருங்க." அதற்குப் பிறகு நீ போனை அணைத்துவிட்டாய். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. நான் ஸ்ரீமதுரைக்கு, பெண் வீட்டுக்கு, போன் செய்யவில்லை. செய்யப் போவதில்லை என்றும் சொல்லவில்லை. அதைப் பிறகு பேசுவோம். இப்போதைக்கு எனக்குக் கோபம். உன்மேல் இல்லை. உன்னைக் கோயமுத்தூரில் ஒரு வாடகை அறையில் போர்வைக்குள் சுருட்டிப் போட்டிருக்கிறானே, அவன்மேல். அவனை நான் விடப்போவதில்லை. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. வழியில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் ஒருத்தன் போர்வைக்குள் இருப்பான்.

முதலில் சின்ன எதிரியை முடித்துவிடுவோம். பத்து நாளைக்கு முன்னால் பட்டு எடுக்கப் போன இடத்தில் நடந்ததை உன் அம்மா வந்து சொன்னாள். பெண் வீட்டுக்காரர்கள் கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடியக்காலையில் கிளம்பிக் கோயமுத்தூர் ஜவுளிக்கடை வாசலில் காத்துக்கொண்டு நிற்க, அதே ஊரில் இருக்கிற மாப்பிள்ளை நீ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாய். தேதி மறக்கவில்லை, நேரம் மறக்கவில்லை. கிளம்பும்போது ஒரு வேலை ஞாபகம் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாய், அவ்வளவுதான். அது எனக்குப் புரியும். பெண்ணின் பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "மாப்ளே, தாலி கட்டற அன்னிக்காவது ஞாபகம் இருக்குமுங்களா, இல்ல நாங்களே வந்து எழுப்பி உடணுமா?" என்று அவர் கேட்க, கடை முழுக்கச் சிரித்ததாம். நீயும் சிரித்தாயாம். அந்தச் சிரிப்போடு அறைக்குப் போனவன் இன்னும் வெளியே வரவில்லை.

அந்தப் பெரியப்பாவுக்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன். கல்யாணப் பந்தியில் அவருக்கு மட்டும் தூணுக்குப் பின்னால் இலை. பாயசம் அவருக்கு முந்தின இலையோடு தீர்ந்துபோகும். மூன்று முறை தீரும். குளிர் தாங்காது என்று அவர் போர்வை கேட்டால், ஊட்டியில் கம்பளியே விற்பதில்லை என்று ஒரு தாசில்தாரைக் கொண்டு எழுதி வாங்கித் தருவேன். அவருடைய ஏழு தலைமுறை சளிப்பிடித்துத் தும்மும். இதையெல்லாம் நான் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மணப்பெண் சிந்துவே போன் செய்தாள்.

"மாமா, அவரு போன் எடுக்கறதே இல்ல. எங்க மேல ஏதாச்சும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. ஒடம்பு சரியில்ல. ரெண்டு மூணு நாள்ல அவனே உங்கிட்ட பேசுவான்."

"மாமா, பெரியப்பா அன்னிக்குப் பேசினதுக்கு நான் அவருகூட இன்னும் பேசல. தெனமும் சாயங்காலம் அவருக்குக் கட்டன் சாயா நான்தான் போட்டுக் குடுப்பேன். பத்து நாளா உப்புப் போட்டுத்தான் குடுக்கறேன். கேட்டா, சீனி டப்பா மாறிப் போச்சுன்னு சொல்லியாச்சு."

"பத்து நாளுமா?"

"சாரமில்ல மாமா, ஒண்ணும் ஆகாது, அவருக்கு பிரஷர் எல்லாம் கெடையாது. டெஸ்ட் எடுத்ததே நான்தான்."

கதிர், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற பெண், எதிரியின் ரத்த அழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு உப்புப் போடுகிறாள். நம் பரம்பரையில் ஆவேசமாகப் பழிவாங்கக் கிளம்பிப் பாதி வழியில் எதற்குக் கிளம்பினோம் என்பதை மறந்துபோகிறவர்கள்தான் உண்டு. பத்து நாள் தொடர்ந்து ஒரு காரியத்தைச் செய்கிற ஆள் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஆனால் அவளுக்காக நீ கல்யாணம் செய்துகொள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என் பழி வேறு. அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உனக்கு நான்கு வயதாக இருந்தபோது நான் ஒரு டீ ஃபேக்டரிக்கு இலை லாரி ஓட்டினேன். சிறு விவசாயிகள் பறித்த இலையை ரோட்டோர ஷெட்டுகளில் எடைபோட்டுச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். அதை ஏற்றிக்கொண்டு நேரே ஃபேக்டரியில் இறக்க வேண்டும். நேரே என்பதுதான் முக்கியம். சாக்குக்குள் நெருக்கி அடைத்த பச்சை இலை சும்மா இருக்காது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே கையை விட்டால் வடித்த சோறு மாதிரி சுடும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டால் சிவந்து, பழம் அழுகிய வாசம் அடித்து, எதற்கும் உதவாமல் போகும். ஒரு நாள் கேத்தி வளைவில் சினிமா ஷூட்டிங். ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று லாரியை ஓரங்கட்டினேன். முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு நடுவில் அந்தக் கதாநாயகி ஒரே சுற்றை நாற்பது முறை சுற்றினாள். பதினேழாவது சுற்றில் காமிராக்காரருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தேன். இருபத்தெட்டாவது சுற்றில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே ஞாபகம் வரவில்லை. அவர்கள் சாப்பிடப் போனபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே லாரி முழுக்க இலை, உச்சி வெயிலில்.

ஃபேக்டரி வாசலில் இலை ஆபீசர் ஒரு சாக்கைப் பிரித்துக் கையை விட்டார். எடுத்தார். திட்டவில்லை. அந்த இலையைக் கொடுத்த விவசாயிகளில் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிவந்த இலையை என் காலடியில் கொட்டிவிட்டுச் சொன்னார்: "உன்ன நம்பி ஒரு மூட்டை இலையக்கூட ஒப்படைக்க முடியாது." அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவன் பத்தொன்பது நாள் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருக்கும், எழுந்திருக்க முடியாது. பல் தேய்ப்பது இமயமலை ஏறுவது போலிருந்தது என்று சொன்னால் நான் வழக்கம்போல் அளக்கிறேன் என்பாய். இந்த ஒரு இடத்தில் நான் அளக்கவில்லை. உன் அம்மா முதலில் "ஏனுங்க, எந்திரிங்க" என்றாள். பிறகு கத்தினாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பட்டாணிக் கூடையைக் கட்டில் மேலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ என் கையும் போய் ஒரு பட்டாணியை எடுத்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கையை இழுத்திருப்பேன்.

எழுந்த பிறகு ஒரு சபதம் எடுத்தேன். அந்த ஆபீசரை ஒரு நாள் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கப் போகிறேன் என்று. இருபத்திரண்டு வருடம் அந்தப் பேச்சைத் தயார் செய்தேன். குளிக்கும்போது, வளைவுகளில் ஹாரன் அடிக்கும்போது, உன் பள்ளிக்கூட விழாவில் நீ மரமாக நின்றபோது, எப்போதும் அந்தப் பேச்சு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ராஜராஜ சோழன் கேட்டிருந்தால் வாளை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான், அப்படி ஒரு பேச்சு. போன வருடத்துக்கு முந்தின வருடம், அவர் ஓய்வுபெற்று வெலிங்டனில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"யாருங்க?"

"இலை லாரி. கேத்தி. நாலு மணி நேரம்."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியலீங்களே. எத்தனையோ லாரி வந்துது. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்."

அவருக்கு என்னைத் தெரியவே இல்லை. நான் இருபத்திரண்டு வருடம் தூக்கிச் சுமந்த வாக்கியம் அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்கூட நினைவில் நிற்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன். நன்றாக வேறு இருந்தது. அந்த அவமானத்தில் இன்னும் இரண்டு வாரம் படுத்தேன். நீ அப்போது வந்து, "அப்பா, எனக்கும் இப்படித்தான் வருது, நான் ஒரு டாக்டரைப் பாக்கப் போறேன், கூட வாங்க" என்றாய். உன்னால்தான் எனக்கே விடிந்தது என்பதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அந்த டாக்டர் அம்மாள் உன் சின்ன வயதைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் பதில் சொல்லியபடியே அவருடைய மேஜைக் கடிகாரத்தை முழுசாகக் கழற்றிவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் ஒரு நாள் குறிச்சிரலாமுங்களா?" என்றார். ஐம்பத்தாறு வயதில் எனக்கும் உன்னைப் போலவே ஏடிஎச்டி, கவனம் சிதறுகிற கோளாறு, என்று தெரிந்துகொண்டேன். சோம்பல் இல்லை, திமிர் இல்லை, மூளை கவனத்தைத் தனக்குப் பிடித்த வழியில் ஓட்டிக்கொண்டு போகிறது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் என் பள்ளிக்கூட வாத்தியார்கள் அத்தனை பேரையும் கிணற்றுக்குள் இறக்கலாம் போலிருந்தது. அவர் அன்று சொன்ன ஒன்றை நீ இப்போது ஞாபகப்படுத்திக்கொள். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு விதமாகச் சோர்வு வரும் என்றார். ஒன்று, யாரோ ஒரு சொல் சொன்னால் அந்த நொடியில் பற்றிக்கொண்டு உலகமே முடிந்துவிட்டது போல் எரிவது. அது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். இன்னொன்று, தூக்கம், பசி, பிடித்ததெல்லாம் போய் நாள் கணக்கில் தங்கிவிடுவது. அது மனச்சோர்வு என்ற தனி நோய், அதற்குத் தனி வைத்தியம். "முதலாவது ரெண்டாவதக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துரும். ரெண்டு வாரம் தொடர்ந்தா கட்டாயம் வாங்க. அதுக்கு முன்னாடி வந்தாலும் நான் திட்ட மாட்டேன்" என்றார். உனக்கு இன்று பத்தாவது நாள்.

இனி நான் சொல்ல வேண்டியது. இதற்கு எனக்குப் பெரிய வார்த்தைகள் வரவில்லை. உனக்குப் பதினைந்து வயது. லாரி வேலை போய் நான் சொந்தமாக இலை வாங்கி விற்க ஷெட் போட்டிருந்த காலம். ஃபேக்டரி லாரி வரத் தாமதம், சாக்குகளைப் பிரித்து இலையைத் தரையில் பரப்பி உதறிவிடு என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் டவுனுக்குப் போனேன். நீ மூன்று சாக்கு பிரித்தாய். பிறகு எடைத் தராசின் முள் ஏன் நடுங்குகிறது என்று ஒரு கேள்வி உனக்கு வந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது தராசு நூறு துண்டாகி, சின்னது முதல் பெரியது வரை வரிசையாகச் சாக்கின் மேல் கிடந்தது. மற்ற பதினொரு சாக்கும் சுட்டுக்கொண்டிருந்தன. இலை கொடுத்தவர்கள் சுற்றி நின்றார்கள். நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு சாக்கைத் தூக்கி உன் தலையில் கவிழ்த்தேன். "உன்ன நம்பி ஒரு மூட்டை இலையக்கூட ஒப்படைக்க முடியாதுடா" என்றேன். அந்த ஆபீசராவது என் காலடியில்தான் கொட்டினார்.

அவர்மேல் வைத்த வஞ்சத்தை நான் உன்னிடம் தீர்த்துக்கொண்டேன். திருப்பி அடிக்க முடியாத ஆளாகப் பார்த்து அடித்தேன். நீ பூட்டி முடித்த பிறகு அந்தத் தராசின் முள் நடுங்குவது நின்றுபோனது. அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தோற்றதாகிவிடும் என்று ஒரு அற்பப் புத்தி. ஞாயிற்றுக்கிழமை உன் மூன்று வரியைப் படித்தபோது இந்த இடத்தில்தான் நின்றேன். "ஒப்படைக்க முடியாது." மூட்டை இருந்த இடத்தில் பெண்ணை வைத்திருக்கிறாய், மற்றபடி அது என் வாக்கியம். உன்னைப் போர்வைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உன் காதில் ஓதுகிறவன் பெரியப்பா இல்லை. அவர் வெறும் தீக்குச்சி. உள்ளே இருப்பது நான்தான். ஷெட்டில் நின்ற அந்த நாற்பத்தைந்து வயதுக் கிறுக்கன். நான் விடப்போவதில்லை என்று சொன்னேனே, அது அவனைத்தான். நீயும் விடாதே. அவன் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்துவதா? அவன் ஒரு இலை மூட்டையைக்கூட ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்காதவன்.

அவனைப் பழிவாங்குகிற வழி கத்தியோ பேச்சோ இல்லை. நான் சொல்வது ரொம்பச் சில்லறையாக இருக்கும், பொறுத்துக்கொள். அவன் படுத்திரு என்றால், நீ எழுந்து உட்கார மட்டும் செய். அதற்கே அவனுக்கு வயிறு எரியும். குளிக்க முடியாது என்பான்; முகம் கழுவு. இருட்டில் கிட என்பான்; ஜன்னலைத் திற. தனியாக ஒரு வேலையும் ஓடாது என்றால், பேசாமல் பக்கத்தில் உட்கார ஒரு ஆளை வைத்துக்கொள். உன் அம்மாவின் பட்டாணி எனக்குச் செய்ததை எந்த அறிவுரையும் செய்ததில்லை. படுத்திருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதே, அது கல்யாணமாக இருந்தாலும் சரி, வேலையை விடுவதாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் உன் தலைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீ இல்லை.

மாத்திரை விஷயம் உன் அறை நண்பன் சொல்லித் தெரியும். தீர்ந்துபோனது, வாங்க மறந்தாய், அதற்குள் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளும் தவறிவிட்டது, நாள் தவறியதற்கு வெட்கப்பட்டு ஐந்து வாரமாக அவரைக் கூப்பிடவே இல்லை. மறதிக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்படுகிறவன் நம் வம்சத்தில்தான் பிறக்க முடியும். நான் நேற்று கிளினிக்குக்கு போன் செய்தேன். உன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண், "செவ்வாய்க்கிழமை பத்தரைக்குக் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழைய மாத்திரையை நீயாக மறுபடி ஆரம்பிக்காதே. என்ன, எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். இருந்து என்ன ஆகப்போகிறது, போய்விடலாம் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தாலும், அந்த நிமிடமே பக்கத்தில் இருக்கிற யாரையாவது எழுப்பு, என்னைக் கூப்பிடு. எனக்கு அந்தப் பத்தொன்பது நாளில் இரண்டு நாள் அப்படி இருந்தது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுந்து, டாக்டரைப் பார்த்து, நன்றாகத் தூங்கி, நீயாக இருக்கிற ஒரு பகலில் யோசித்து, அப்போதும் வேண்டாம் என்றால் நானே ஸ்ரீமதுரைக்குப் பஸ் ஏறிப்போய், அந்தப் பெரியப்பா முன்னாலேயே நின்று, தப்பு எங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு வருவேன். உன்மேல் ஒரு சொல் விழ விடமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் சிந்துவிடம் நீ பேச வேண்டும். இப்படி நாட்கள் எனக்கு வரும், வந்தால் நான் இப்படி இருப்பேன் என்று உன் வாயால் சொல். கேட்டுவிட்டு முடிவு செய்கிற உரிமை அவளுக்கும் இருக்கிறது. அவளுக்குப் பதிலாகவும் நீயே முடிவு செய்துவிட்டாய், அது எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். இந்தக் காகிதத்தை உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளுவேன். கதவைத் தட்ட மாட்டேன், கூப்பிட மாட்டேன். எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். நான் ஒரு இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவேனா, பாதியில் எங்காவது வேடிக்கை பார்க்கப் போய்விடுவேனா என்று உனக்குச் சந்தேகம் வரும், நியாயம்தான். அதனால் போனவுடனே என் செருப்பு இரண்டையும் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறேன். என் மகன் வந்து கேட்டால் மட்டும் கொடுங்கள் என்று சொல்லி வைப்பேன். தலை வார வேண்டாம், சட்டை மாற்ற வேண்டாம். இறங்கி வந்து அந்தச் செருப்பை எனக்கு வாங்கிக் கொடு. கோயமுத்தூர் வெயிலில் ரோடு கொதிக்கும், வெறுங்காலோடு என்னால் கிளினிக் வரைக்கும் நடக்க முடியாது.

உன் அப்பன்